ஏழு இறக்கை பம்பு

1937 ஜனவரி 4, திங்கள்

சவரத்துக்குப் போனேன். கடைக் கண்ணாடிக்கு மேலே முருகன் படம், அதற்குப் பக்கத்தில் நஞ்சப்பன் படம். முருகனுக்கு நேற்றைய பூ. நஞ்சப்பனுக்கு இன்றைய பூ.

"நெறஞ்ச கெணத்துல தலைகீழாக் குதிச்சு, சிக்கிக் கெடந்த வால்வைப் பல்லுலயே கடிச்சுத் தொறந்தவருங்க" என்றான் சவரக்காரன். கத்தி என் கழுத்தில் இருந்ததால் பேசாமல் இருந்தேன். போன வருடம் இவனே கையால் திறந்ததாகத்தான் சொன்னான். அடுத்த வருடம் கண்ணாலேயே திறப்பார்.

கிணற்றில் இறங்கியவன் நஞ்சப்பன் அல்ல, என் தம்பி கதிரேசன். 1921 ஆவணியில் நஞ்சப்பன் செய்த முதல் பம்பை ஓட்டிப் பார்த்த அன்று இறங்கினான். பிணமாகத்தான் மேலே வந்தான். அவன் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அவனைத் தின்ற பம்புதான் நஞ்சப்பனைப் பெரிய மனிதனாக்கியது.

நஞ்சப்பனை இந்த வருடம் முச்சந்தியில் நிறுத்துவேன். இந்த நோட்டு வாங்கியதே அதை எழுதி வைக்கத்தான்.

1937 ஜனவரி 9, சனி

வேலை வந்தது, அதுவும் அவனிடமிருந்தே. தேடிப் போன பாம்பு காலில் வந்து சுற்றிக்கொண்டது.

என் தொழிலைச் சொல்ல வேண்டுமானால், இரும்பில் வரவேண்டிய உருப்படியை முதலில் நான் மரத்தில் செய்து கொடுக்கிறேன். பவுண்டரியில் அதை மண்ணில் பதித்து, அந்தப் பள்ளத்தில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். நான் மரத்தில் செய்த தப்பு இரும்பிலும் அப்படியே வரும். இந்த ஜில்லாவில் பம்புக்கு மாதிரி செதுக்க என்னைவிட்டால் ஆள் இல்லை. அதனால்தான் நஞ்சப்பன் பதினாறு வருடமாக என் பட்டறைக்கே அனுப்புகிறான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்து கொடுக்கிறேன். பகையாளியைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இரண்டு வருடமாக மழை இல்லை. கிணறெல்லாம் அடியாழத்துக்குப் போய்விட்டது. இப்போதுள்ள பம்புகள் அரைமணி ஓடினால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். பகல் முழுக்க ஓடும் பம்பைப் பிப்ரவரி 28ஆம் தேதி சந்தைமேட்டுக் கிணற்றில் ஜனங்கள் முன்னால் ஓட்டிக் காட்டுவதாகவும், நின்றுபோனால் அன்றோடு பம்புத் தொழிலையே விட்டுவிடுவதாகவும் பத்திரிகையில் சவால் விட்டிருக்கிறான்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாய், நஞ்சப்பா.

1937 ஜனவரி 14, வியாழன்

பொங்கல். தெருப் பெண்கள் கும்மியடித்தார்கள். "கேணியில் குதித்தாரடி, நஞ்சப்பர் கெட்ட வால்வைத் திறந்தாரடி." தெய்வானை எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கதிரேசனின் மனைவி. பதினாறு வருடமாகப் பின்கட்டில் இருக்கிறாள், எனக்கும் சேர்த்துப் பொங்கிப் போடுகிறாள். என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். நஞ்சப்பன்தான் உன் புருஷனைக் கொன்றான் என்று அவளிடம் சொன்னவன் நான். ஒரு தடவை சொன்னதோடு நிறுத்தவில்லை.

பொங்கல் அடிப்பிடித்திருந்தது.

1937 ஜனவரி 19, செவ்வாய்

தெய்வானைக்கு ரவிக்கைத் துணி அளக்க ஸ்கேல் வேண்டுமாம். பட்டறையில் இருந்ததை எடுத்துவிட்டாள். பிடுங்கினேன்.

"அது ரவிக்கைக்கு ஆகாது அம்மணி."

"ஏனுங்க மாமா, ஸ்கேல்ல என்னுங்க ரவிக்கை ஸ்கேலு, பம்பு ஸ்கேலு?"

விளக்கிச் சொன்னேன். உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சுருங்கும். அதற்காகவே எங்கள் ஸ்கேலில் ஒரு அடியை ஒரு நூல் கூட்டித்தான் குறித்திருப்பார்கள். அதில் அளந்து ரவிக்கை தைத்தால் தொளதொளவென்று இருக்கும்.

"அப்பச் சாதா ஸ்கேலு ஒண்ணு குடுங்க."

"இந்த வீட்டுல சாதா ஸ்கேல் கெடையாது. இருக்கவும் கூடாது!"

கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். கதவு, ஜன்னல் செய்துகொண்டிருந்தவன் மாதிரி வேலைக்கு வந்தால் முதலில் செய்கிற தப்பு இதுதான். கை பழக்கதோஷத்தில் சாதா ஸ்கேலை எடுத்துவிடும். எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். அதனால்தான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. வேறு ஒன்றும் இல்லை.

1937 ஜனவரி 27, புதன்

எங்கே கைவைப்பது என்று எட்டு நாள் யோசித்தேன்.

வெளிக்கூட்டில் வைத்தால் கடைசல்காரன் கண்டுபிடித்துவிடுவான். உள்ளே சுற்றும் சக்கரத்தில்தான் வைக்கவேண்டும். அதில் ஏழு இறக்கைகள். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மூடிக் கிடப்பவை. அங்கே ஸ்கேலும் போகாது, கடைசலும் போகாது. நான் செய்து கொடுக்கும் மரப்பெட்டிக்குள் மண்ணை அடைத்துத்தான் இறக்கைகளின் இடைவெளியை உண்டாக்குவார்கள். பெட்டி எப்படியோ, இறக்கையும் அப்படி.

நஞ்சப்பனின் வரைபடத்தில் இறக்கை நுனி சுற்றும் பக்கமாக நிமிர்ந்து நிற்கிறது, தண்ணீரை ஓங்கி அறைவதற்காக. அதை நான் பின்பக்கமாகச் சாய்த்துவிடப் போகிறேன். தண்ணீரை அறையவேண்டிய கை தடவிக் கொடுக்கும். குழாய் வாயில் தண்ணீர் கிழவன் மூத்திரம் போல வரும். பதினாயிரம் பேர் பார்ப்பார்கள்.

1937 பிப்ரவரி 6, சனி

ஏழும் முடிந்தன. நல்ல தேக்கு. ஏழும் ஒரே சாய்வு, மயிரிழை பிசகில்லை. கெடுதல் செய்தாலும் சுத்தமாகச் செய்யவேண்டும். மெழுகு பூசி வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினாறு வருடத்தில் நான் செய்த எதுவும் இவ்வளவு அழகாக வந்ததில்லை.

சாப்பிட மறந்துவிட்டேன்.

1937 பிப்ரவரி 12, வெள்ளி

பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். வண்டி கிளம்பும்போது வண்டிக்காரன் தும்மினான். யாருக்குச் சகுனம் என்று தெரியவில்லை.

1937 பிப்ரவரி 20, சனி

வார்ப்பு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். நஞ்சப்பன் சட்டையில்லாமல், தோளில் எண்ணெய்த் துணியோடு நின்றான். வாசலில் அவனைப் பார்ப்பதற்கென்றே இருபது முப்பது பேர், தேங்காய் பழத்தோடு. கோயிலா, தொழிற்சாலையா என்று தெரியவில்லை.

சக்கரத்தின் விளிம்பில் விரலை விட்டுத் தடவினான். நிறுத்தினான். மறுபடி தடவினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நல்லா வந்திருக்குது, சித்து" என்றான்.

சிற்றம்பலம் என்ற என் பெயரைச் சித்து என்று கூப்பிடுகிறவர்கள் இரண்டு பேர்தான். அண்ணன் என்றே கூப்பிடாத கதிரேசன் செத்துப்போனான்.

1937 பிப்ரவரி 27, சனி

சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தினால்தான்.

1937 பிப்ரவரி 28, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கே சந்தைமேட்டில் நிற்க இடமில்லை. வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு ஊர்க்காரர்கள் போன வருடம் பிறந்த பையன்களையெல்லாம் தூக்கி வந்திருந்தார்கள். பதினொரு பிள்ளைகளுக்கும் நஞ்சப்பன் என்றே பெயராம். மேளம், தோரணம், ஒலிபெருக்கி. நான் கிணற்றுமேட்டில் வேப்பமரத்தடியில், குழாய் வாய் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். இந்த ஒரு காட்சிக்காகப் பதினாறு வருடம் காத்திருந்தவன் நான்.

எட்டரைக்கு விசையைத் தட்டினான். கொஞ்ச நேரம் குழாயில் காற்றுதான் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது.

மெலிந்து வந்தது. பழைய பம்பில் பாய்கிற மாதிரி இல்லை. கூட்டத்தில் "ஏனுங்க, இவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்டது என் காதில் தேனாக விழுந்தது. இன்னொருவர், "ஓட்டை அண்டாவுல இருந்து ஒழுகறாப்புல இருக்குது" என்றார். நான் வாய்விட்டே சிரித்தேன். நஞ்சப்பன் முகம் சுண்டியிருந்தது. கதிரேசா, பாருடா என்று மனதுக்குள் சொன்னேன்.

ஒன்பது மணி. அரைமணி ஆகிவிட்டது. பழைய பம்பு நிற்கிற நேரம். நிற்கவில்லை.

ஒன்பதரை, பத்து. நஞ்சப்பன் மோட்டார் மேல் கையை வைத்தான். எடுக்கவில்லை. வைத்துக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். அது ஆச்சரியம். பதினாயிரம் பேரில் அவனும் நானும் மட்டும்தான் ஆச்சரியப்பட்டோம். மற்றவர்கள் அவனிடம் இதைத்தான் எதிர்பார்த்து வந்தவர்கள்.

பதினொரு மணிக்கு ஒரு விவசாயி வாய்க்காலில் இறங்கி மண்ணோடு தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு அழுதார். பிறகு கூட்டமே இறங்கியது. தண்ணீர் மெலிந்து வந்ததால்தான் மோட்டாருக்குப் பாரம் ஏறவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீரை அறையாமல் தடவிக் கொடுத்ததால் தண்ணீர் தானாகவே ஏறி வருகிறது. மாலை நாலேகாலுக்குக் கிணறு வற்றியது. பம்பு நிற்கவில்லை, நிறுத்தினார்கள்.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் குழிபறித்தேன், அதில் அவனுக்குப் புதையல் கிடைத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

1937 மார்ச் 1, திங்கள்

பத்திரிகை வாங்கவில்லை. தெய்வானை பக்கத்து வீட்டில் கேட்டு வந்து, "இறக்கையில ஏதோ புது தினுசாமுங்க" என்றாள்.

1937 மார்ச் 4, வியாழன்

நூறு பம்புக்கு ஆர்டராம். மரப்பெட்டியைச் சுத்தம் பண்ணவேண்டும் என்று பொய் சொல்லி பவுண்டரியிலிருந்து எடுத்து வந்தேன். வெந்நீர் அடுப்பில் வைத்தேன். மெழுகு பூசிய தேக்கு நன்றாக எரிந்தது. ஏழாவது துண்டை வைக்க மட்டும் சற்று நேரமானது. புகை கண்ணில் பட்டதுதான் காரணம்.

இனி எப்படிச் செய்வான், பார்க்கிறேன்.

1937 மார்ச் 6, சனி

நஞ்சப்பன் வந்தான். தனியாக, மத்தியானத்தில், ஒரு சாக்குப் பையோடு. தெய்வானை கோயிலுக்குப் போயிருந்தாள்.

"பெட்டி எங்கே சித்து?"

"எரிச்சுட்டனுங்க."

"மரத்தை எரிச்சா இரும்பு எரிஞ்சிருமா? சக்கரம் எங்கிட்ட இருக்குதல்ல. நேத்து ரம்பம் போட்டு அறுத்துப் பாத்துட்டேன்." பையிலிருந்து பாதிச் சக்கரத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தான். உள்ளே என் இறக்கைகள், வரிசையாக. "மொதல்ல உன் கை தவறியிருக்கும்னு நெனச்சேன். கை தவறுனா ஒண்ணு தவறும், ரெண்டு தவறும். ஏழும் ஒரே மாதிரித் தவறாது. என்னைக் கெடுக்கத்தானே பண்ணுனே?"

நான் உளியை எடுத்துத் துணியால் துடைத்தேன்.

"பண்ணுனவன் நீ. இது எதுக்கு ஓடுதுன்னு உனக்காச்சும் தெரியுமா? எனக்குச் சத்தியமாத் தெரியல. ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுப் பாத்தேன்."

அவன் பைக்குள் கைவிட்டு இன்னொன்றை எடுத்தான். துருப்பிடித்த பழைய அடிவால்வு. கிணற்றுக்குள் குழாயின் அடியில் மாட்டுவது. உள்ளே ஒரு நாக்கு திறந்து மூடவேண்டும்.

"இது அந்தப் பம்போடது. அந்த ஆவணியிலிருந்து என் மேசை டிராயர்லதான் கெடக்குது, பதினாறு வருசமா. நான் உன் தம்பியக் கெணத்துல எறக்கல. நாக்குச் சிக்கிட்டுத் தண்ணி ஏறல. குழாயை மேல எடுத்துப் பாக்கலாம்னு நான் சொல்றதுக்குள்ள அவனே அரத்தை எடுத்துட்டு எறங்கிட்டான். குழாய் சரிஞ்சு மேல விழுந்திருச்சு. எதுக்குச் சிக்குச்சுன்னு பொறகு அளந்து பாத்தேன். முக்கால் நூலு குறைச்சல். முக்கால் அடி வால்வுக்குச் சுருக்கத்துக்கு விடவேண்டிய அதே முக்கால் நூலு."

நான் எழுந்து பட்டறைக் கதவைச் சாத்தினேன்.

"ஊருக்கு ஒரு கதை வேணும் சித்து. கதிரேசன் எறங்குனான்னு சொல்லியிருந்தா, எதுக்கு எறங்குனான்னு கேட்டிருப்பாங்க. வால்வு ஏன் சிக்குச்சு, மாதிரி செஞ்சது யாருன்னு கேட்டிருப்பாங்க. நான் எறங்குனேன்னு சொல்லிட்டேன். அதுல எனக்கும் பேருதான். இல்லேங்கல. ஆனா அந்தப் பேரைச் சுமந்துட்டு நடக்கறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

எழுந்தான். "பதினாலாந் தேதி எனக்குப் பாராட்டு விழா. மேடைக்கு நீ வரோணும். தெய்வானையம்மாவையும் கூட்டிட்டு வா."

வால்வை விட்டுவிட்டே போனான். நான் அதைத் தொடவில்லை. வார்ப்பில் எத்தனையோ காரணத்தால் அளவு குறையும். மண் சரியில்லாவிட்டாலும் குறையும். பதினாறு வருடத்துத் துருவும் சேர்ந்திருக்கும். என்ன ஸ்கேல் என்று யார் பார்த்தார்கள்?

1937 மார்ச் 10, புதன்

வால்வை அளந்தேன்.

1937 மார்ச் 14, ஞாயிறு

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். தெய்வானை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "அந்த மனுசன் மூஞ்சிய ஒரு தடவை நேராப் பாக்கோணும் மாமா" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன்.

பொருட்காட்சித் திடலில் மேடை. வாழ்த்துப்பா படித்தார்கள், வெள்ளித் தட்டு கொடுத்தார்கள், விழாத் தலைவர் நஞ்சப்பரை மின்சாரச் சித்தர் என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டல். கடைசியில் நஞ்சப்பர் எழுந்து ஒலிபெருக்கி முன் வந்தார். அடங்கக் கொஞ்ச நேரமானது.

"இந்தப் பம்போட இறக்கையைக் கண்டுபிடிச்சது நானில்லீங்க" என்றார். "மாதிரி செய்யற சிற்றம்பலம்தான். என் படத்தை மாத்தி, எனக்குத் தெரியாம, அவரே செஞ்சது. உங்க மாலையெல்லாம் அவருக்குப் போடுங்க."

இடி விழுந்த மாதிரி ஒரு ஆரவாரம். என்னைத் தூக்கித்தான் மேடையில் ஏற்றினார்கள். எத்தனை மாலைகள் என்று எண்ணவில்லை, முகத்துக்கு மேல் ஏறிவிட்டன. பூவிதழ் மூக்கில் போனது. கீழே பார்த்தேன். அத்தனை முகங்களும் என்னைத்தான் பார்த்தன. சவரக்காரன் பார்க்கிற பார்வை, கும்மிப் பெண்கள் பார்க்கிற பார்வை. ஒன்றை எழுதாவிட்டால் இந்த நோட்டு எழுதி என்ன பயன்? ஒரு கணம் எனக்கு அது பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது.

நஞ்சப்பர் என் காதருகில் குனிந்து, "இனி நீயும் சுமந்து பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் பழிவாங்கிய விதம் அது. என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு நேர்த்தி.

"பேசுங்க! பேசுங்க!" என்று கத்தினார்கள். எனக்கு வந்த வாக்கியம் ஒன்றுதான். "நான் அவரைக் கெடுக்கத்தான் அப்படிச் செஞ்சனுங்க."

சிரித்தார்கள். திடலே சிரித்தது. "அடக்கத்தைப் பாருங்கய்யா!" என்றார் ஒருவர். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "கெடுக்கச் செய்ததே இப்படி என்றால், நல்லதுக்குச் செய்தால் எப்படி இருக்கும்!" என்றார். கைதட்டல் ஓய வெகுநேரமானது. இரண்டாவது வாக்கியம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்கும் தட்டிவிடுவார்களோ என்று பயந்தேன்.

பெண்கள் பக்கத்தில் தெய்வானை மட்டும் தட்டவில்லை.

1937 மார்ச் 15, திங்கள்

காலையில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நேத்து மேடையில நீங்க சொன்னது நெசந்தானுங்களா மாமா?"

"நெசந்தான் அம்மணி."

"உங்க தம்பிக்காகத்தானுங்களே?"

அங்கே ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவள் அதை நம்பியிருப்பாள், எனக்கு இன்னொரு டம்ளர் காப்பியும் கொடுத்திருப்பாள். வால்வை எடுத்து மேசைமேல் வைத்தேன். அது என்ன என்று சொன்னேன். அந்த ஆடி மாதம் பக்கத்து வீட்டுக் கதவு வேலைக்கு நடுவில் அவசரமாக அதற்கு மாதிரி செய்ததையும், கையில் எந்த ஸ்கேல் இருந்தது என்பதையும் சொன்னேன். பிணத்தைத் தூக்கிய அன்றே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். எழுதவே பதினாறு வருடம் பிடித்ததைச் சொல்ல ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். எதிரிலே உட்கார்ந்தாள். என் முன்னால் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"வருசா வருசம் ஆவணி அமாவாசைக்கு அந்த மனுசன் வூட்டுப் பக்கமாப் பாத்து மண்ணை வாரித் தூத்துனனுங்களே, மாமா. உங்களுக்குக்கூடத் தெரியாது. ஒரு வருசம் தவறல. அவங்க மூத்த பையன் போன கார்த்திகையில காச்சல்ல செத்தான் பாருங்க. எம்மண்ணு பலிச்சிருச்சுன்னு மாரியாத்தாளுக்கு வெளக்குப் போட்டனுங்களே."

நான் தலையைத் தூக்கவில்லை.

எழுந்தாள். முகம் கழுவினாள். நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்கே அம்மணி?"

"அந்தம்மா கால்ல விழுகப் போறனுங்க. அந்தப் பையனப் பெத்தவ கால்ல."

"இரு, நானும் வர்றேன்."

"நீங்க வேண்டாமுங்க மாமா" என்றாள். "உங்களுக்கு ஊரே மாலை போட்டிருக்குது. நீங்க இருங்க."

மரியாதை குறையாமல்தான் சொன்னாள். காப்பி ஆறிவிட்டது.